வலக்கரையில் லாவெண்டர்

லாவெண்டர் வாசனை பிடிக்காத பெண்ணை நான் இதுவரை பார்த்ததில்லை, மேடம். நீங்கள்கூட இந்த அறைக்குள் வந்ததும் ஒரு நொடி நின்று மூச்சை இழுத்தீர்கள். என் புடவையிலிருந்துதான் வருகிறது. மல்லிகை மாலைக்குள் வாடிவிடும். சந்தனம் காய்ந்தால் உதிர்ந்துவிடும். லாவெண்டர் மட்டும் பட்டில் ஏறிவிட்டால் லேசில் இறங்காது.

கல்யாணமான புதிதில் ஊட்டிக்குப் போயிருந்தோம். பூங்கா வாசலில் அவர், என் கணவர் வீரபாகு, ஒரு சின்ன பாட்டில் லாவெண்டர் எண்ணெய் வாங்கித் தந்தார். அதன்பிறகு ஊட்டிக்கு யார் போனாலும் அதையே சொல்லி அனுப்புவேன். தினமும் காதோரம் ஒரு துளி தொட்டுக்கொண்டுதான் தறியில் உட்காருவேன்.

கோர்வைப் புடவை நெய்ய இரண்டு பேர் வேண்டும், மேடம். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். அவர் நடுவில் இருந்து நெய்வார். நான் வலப்பக்கம் உட்கார்ந்து கரை நூல் ஓடும் நாடாவைத் தள்ளுவேன். அவர் கை வரும்போது என் கை போகும். பேச்சே தேவைப்படாது. எங்கள் குடும்ப வாழ்க்கையே அந்தத் தறிப் பலகையில்தான் நடந்தது.

பிறகு அவருக்கு மூச்சிரைப்பு வந்தது. மூச்சு முட்டினால் வாயில் அடித்துக்கொள்ள ஒரு பம்பு கொடுத்து, வீட்டில் எந்த வாசனையும் கூடாது என்றார் டாக்டர். சாமிக்கு ஊதுபத்தியை நிறுத்தினேன். தலையில் பூவை நிறுத்தினேன். கடைசியாக, லாவெண்டர் பாட்டிலைப் பக்கத்துத் தெரு எஸ்தரிடம் கொடுத்துவிட்டேன். கூலிக்குக் கோர்வை தள்ள வருகிற பெண். அக்கா, அக்கா என்று என்னைச் சுற்றி வருவாள். ஒரு மனுஷனுடைய மூச்சுக்காக நான் வாசனையே இல்லாதவளாக ஆனேன். அதை நான் பெருமையாகத்தான் நினைத்திருந்தேன்.

போன மாசியில் முசரவாக்கத்தில் என் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். பார்த்துக்கொள்ள நான் போனேன். திரும்பி வந்தபோது தறியில் மாம்பழ நிறப் புடவை பாதிக்கு மேல் வளர்ந்திருந்தது. வழக்கமாகச் செய்வதுபோல, சுருட்டிய புடவையைக் கொஞ்சம் பிரித்து நெசவைப் பார்த்தேன். இடப்பக்கம் வெறும் பட்டு வாடை. வலக்கரையில் லாவெண்டர். நான் உட்காரும் பக்கம்.

"யாருப்பா கோர்வைக்கு?" என்று அவரிடம் கேட்டேன்.

"எஸ்தர்தான். வேற யாரு வருவா?"

"சென்ட்டு போட்டுக்கினா வந்தா? உனக்கு முட்டலையா?"

அவர் சிரித்தார். "முட்டாம இருக்குமா? பம்ப அடிச்சிக்கினே நெய்ஞ்சேன். போட்டுக்காதம்மான்னு சொல்ல வாய் வரல. நீ பக்கத்துல குந்திக்கினு இருக்கிற மாதிரியே இருந்துச்சுமா."

எவ்வளவு சுலபமாகச் சொன்னார், பாருங்கள். எனக்கு ஒரு துளிக்குக்கூட அனுமதி இல்லை. அவளுக்காக மூச்சு முட்டவும் தயாராக இருந்திருக்கிறார். மற்றதை நான் கேட்கவில்லை. எஸ்தரும் என்னை நிமிர்ந்து பார்த்துத்தான் பேசினாள். கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டேன்.

நான் கத்தவில்லை, அழவில்லை. ஊட்டியிலிருந்து காய்ந்த லாவெண்டர் பூவும் எண்ணெயும் வரவழைத்தேன். அவர் தலையணையைப் பிரித்து, பஞ்சோடு பூவைக் கலந்து, எண்ணெயும் விட்டுத் தைத்தேன். உறை மிச்சமான பட்டுத் துணியில். அவசரத்தில் செய்ததல்ல என்பதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். அமாவாசைக்கு எங்கள் தெருவில் தறி ஓடாது. ஒரு தும்மல்கூட அடுத்த வீட்டுக்குக் கேட்கும். அதனால் அமாவாசை போகட்டும் என்று காத்திருந்தேன்.

மறுநாள் மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுக்கப் போனார். சட்டையைத் துவைக்க வேண்டும் என்று வாங்கிக்கொண்டேன். பம்பு அந்தச் சட்டைப் பையில்தான் இருந்தது. தலையணையில் தலை வைத்ததும் கண்ணைத் திறந்தார்.

"என்னாமா, திரும்பவும் போட ஆரம்பிச்சிட்டியா?"

"ஏன், நான் போட்டா ஆவாதா?"

"ஆவாதுன்னு நான் எப்பமா சொன்னேன்? டாக்டருதானே சொன்னாரு," என்றார். பிறகு அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். யாரை நினைத்துக்கொண்டு என்று எனக்குத் தெரியாதா? கதவை வெளியே தாழிட்டு, தறியில் என் இடத்தில் வந்து உட்கார்ந்தேன். தெருவில் எல்லாத் தறியும் ஓடிக்கொண்டிருந்தது.

அறைக்குள் சத்தம் அடங்கிய பிறகு தலையணையை எடுத்துவிட்டேன். பம்பை அவர் கையருகே வைத்தேன். டாக்டர் வந்து பார்த்தார், மூச்சிரைப்பு என்று எழுதிக் கொடுத்தார். யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. நான் இங்கே வந்திருக்கத் தேவையே இல்லை.

ஆனால் காரியத்தன்று எஸ்தர் வந்தாள். இருந்த பெண்கள் எல்லோர் நடுவிலும் என் காலைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணன் சாவுக்கு நான்தாங்கா காரணம். அந்த சென்ட்டுதாங்கா கொன்னுடுச்சு. நீ குடுத்ததாச்சேன்னு ஆசையா போட்டுக்கினு வந்தேன். அண்ணனும் ஒரு வார்த்தை சொல்லல. தறியில குந்துனா உன் பேச்சுதாங்கா பேசிக்கினு இருந்தாரு," என்று அழுதாள். எல்லோரும் அவளைத் தேற்றினார்கள், மேடம். என்னை அல்ல, அவளை. அவர் சாவிலும் என் இடத்தில் அவள் உட்காருவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அதனால்தான் வந்தேன். வீரபாகுவைக் கொன்றது நான். எஸ்தருக்கு அதில் பங்கில்லை. அதைத் தெளிவாக எழுதுங்கள்.

ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன். கதவுக்கு உள்ளேயிருந்து அவர் கூப்பிட்டார். தறிச் சத்தத்திலும் எனக்குக் கேட்டது. இந்திராணி, இந்திராணி என்று என் பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டார். மூச்சே இல்லாத மனுஷனுக்கு எஸ்தர் என்பது இன்னும் சுலபமாக வந்திருக்கும். அப்போதும் அவர் அதைச் சொல்லவில்லை. கடைசி மூச்சிலும் என்னை ஏமாற்றத்தான் பார்த்தார்.