சாம்பல் தானாக விழும்வரை

இந்த அறையில் ஈரம் அதிகம். புகையிலைக்கு நல்லது, காகிதத்துக்குக் கெடுதல். என் வாக்குமூலத்தை நான்கு பக்கத்தில் எழுதி, கையெழுத்துக்காக என் பக்கம் திருப்பி வைத்திருக்கும் அதிகாரியிடம் இதைச் சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. இருபத்திரண்டு வருடம் ஒரே மேசையில் பேசாமல் உட்கார்ந்து பழகியவள் நான்.

சுருட்டுத் தொழிற்சாலையில் கலவை அமைப்பது என் வேலை. வெளியே தெரிவது மேலிலை மட்டும்தான். உள்ளே வைப்பது மூன்று வகை. செடியின் அடியில் விளைந்த இலை சீராக எரியும். அதைத் தவிர அதற்கு ஒன்றும் தெரியாது. நடு இலை மணம் தரும். உச்சி இலை வெயிலையெல்லாம் வாங்கிக்கொண்டது; காட்டம் அதில்தான். எது எவ்வளவு என்பதுதான் கலவை. ஒரு தடவைக்கு ஒரே ஓர் இலையைத்தான் மாற்றுவேன். ஐந்தாறு மாதிரி சுருட்டி, எண் போட்டு, மூன்று வாரம் ஆறவிட்டு, பிறகு அவரிடம் கொடுப்பேன்.

அவரை எல்லோரும் மூக்கர் என்பார்கள். புகைத்துப் பார்த்துச் சொல்வது அவர் வேலை. காலையில், நாக்கில் வேறு ருசி படுவதற்கு முன்னால், எனக்கு எதிரே உட்கார்ந்து பற்றவைப்பார். முதல் சாம்பல் தானாக விழும்வரை இருவரும் பேசக் கூடாது, தட்டிவிடவும் கூடாது. அது அவர் வைத்த சட்டம். விழுந்த பிறகு சொல்வார்.

"இது மாமியார் மாதிரி. வாசல்ல சிரிக்குது, உள்ள போனா கடிக்குது."

"அடுத்தது?"

"மேடையில பேச வந்த ஆளு. ஆரம்பம் பிரமாதம். நடுவுல என்ன சொல்ல வந்தோம்னு மறந்துடறான்."

நான் சிரிக்காமல் குறித்துக்கொள்வேன். வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரிப்பேன். நாள் முழுவதும் என்னிடம் ஒருவர் பேசியது அவ்வளவுதான் என்ற நாட்கள் நிறைய உண்டு. குறையாகச் சொல்லவில்லை.

அவர் மனைவியை இழந்தவர். ஒரே மகள், இப்போது விமானத்தில் போகும் தூரத்தில் இருக்கிறாள். என்னை அத்தை என்று கூப்பிடுவாள். அவளுடைய ஐந்து வயதில், என் முன்னாலேயே, அப்படிக் கூப்பிடச் சொல்லிக் கொடுத்தது அவர். அன்றைக்கும் நான் ஒன்றும் சொல்லவில்லை.

போன வருடம் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. புகையை அடியோடு விடச் சொன்னார் டாக்டர். மகள் வந்தாள். மாதக் கடைசியில் தன்னோடு அழைத்துக்கொள்ளப் போவதாகச் சொன்னாள்.

"அப்பா யார் பேச்சையும் கேக்க மாட்டேங்கறார் அத்தை. நீங்க சொன்னாதான் கேப்பார்."

"திடீர்னு நிறுத்தினா உடம்பு தாங்காதும்மா. லேசா ஒண்ணு பண்ணித் தரேன், அடி இலை மட்டும் வெச்சு. கொஞ்சம் கொஞ்சமா தானா விட்டுடுவார்."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். யாராவது என் கையைப் பிடித்து வெகுநாள் ஆகியிருந்தது.

முதல் வாரம் சொன்னபடியேதான் செய்தேன். அதையும் அதிகாரி எழுதியிருக்கிறார். மூக்கருக்கு அப்போது வேலை கிடையாது. அந்த ஒரு சுருட்டுக்காகக் காலையில் வருவார். அரை அங்குலம் புகைத்துவிட்டு, "வெறும் வைக்கோல்" என்றார். மறுநாள், "இதுக்கா இவ்வளவு தூரம் வரணும்?" என்று எழுந்து போய்விட்டார். அப்போது மணி ஒன்பதுகூட ஆகவில்லை. மாலைவரை அந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகுதான் ஓர் உச்சி இலை சேர்த்தேன். சேர்ப்பது யாருக்கும் வரும். சேர்த்தது தெரியாமல் வைப்பதில்தான் தொழில் இருக்கிறது. ஐந்து வருடம் ஆறிய நடு இலையைச் சுற்றி வைத்தால், காட்டம் நாக்கில் படாமல் நேரே உள்ளே போகும். சுருட்டியதை ஆறவிட நேரமில்லை. அது மட்டும் இப்போதும் உறுத்துகிறது.

"லேசாத்தான் இருக்கு. ஆனா விட மனசு வரலையே," என்றார் மூக்கர். இன்னொன்று கேட்டார். அவர் மூக்கையே ஏமாற்றிவிட்டேன் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

மாதக் கடைசி வந்தது. மகளிடம் போனில் அடுத்த மாதம் என்றார். நான் இரண்டு இலையாக்கினேன். அடுத்த மாதம் மூன்று. அவள் என்னிடம் கேட்கும்போதெல்லாம், "குறைச்சுக்கிட்டே வர்றோம்மா" என்றேன். 'வர்றோம்' என்று சொல்வது சுகமாக இருந்தது.

ஐந்தாவது மாதம் மகள் டிக்கெட்டோடு வந்து இறங்கினாள். மறுநாள் பயணம். பயணத்தன்று காலை அவருக்குச் சுருட்டியதில் அடி இலையே வைக்கவில்லை. அடி இலை இல்லாத சுருட்டு எரியத் திணறும். ஆழமாக இழுக்க வேண்டியிருக்கும். அவர் இழுத்தார்.

கொஞ்ச நேரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். என்னைப் பார்த்தார். வாய் அசைந்தது. சுருட்டு விரலிடுக்கிலேயே இருந்தது. நுனியில் ஓர் அங்குலச் சாம்பல், வெள்ளையாக, உடையாமல். விழும்வரை பேசக் கூடாது. நான் காத்திருந்தேன். இறுக்கிச் சுருட்டிய நல்ல கட்டு அது. நெடுநேரம் நின்றது.

விழுந்த பிறகுதான் ஆட்களைக் கூப்பிட்டேன்.

அவர் சட்டைப் பையில் மிச்சமிருந்த சுருட்டுகளை மகள் கொண்டுவந்து கொடுக்க, இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். எத்தனை இலை என்றும் சொன்னேன். எதையும் மறுக்கவில்லை.

"படிச்சுப் பாத்தாச்சில்ல? கையெழுத்து போடுங்கம்மா," என்றார் அதிகாரி.

மூன்றாம் பக்கத்தில் விரலை வைத்தேன். 'புகையிலையில் கலப்படம் செய்து அவரைக் கொன்றேன்' என்று இருந்தது.

"கலப்படம்னு போட்டிருக்கீங்க."

"வேற என்ன போடறது?"

"கலவை. கலப்படம்னா நல்லதுல மட்டமான சரக்கைச் சேக்கறது. நான் வெச்சது எல்லாமே முதல் தரம்."

அதிகாரி அதே வரியில் பேனா நுனியை வைத்தார். "கொன்றேன்னு இருக்கே, அதுல உங்களுக்கு ஒண்ணும் இல்லையா?"

"அது இருக்கட்டும்."

"ரெண்டும் ஒண்ணுதாம்மா. போடுங்க." பேனாவைத் தள்ளினார்.

இருபத்திரண்டு வருடத்தில் ஒரு மட்டமான இலைகூட மூக்கர் வாய்க்குப் போக நான் விட்டதில்லை. அவர் விஷயத்தில் நான் அவ்வளவு கவனமாக இருந்தேன். பேனாவை மூடி, அதிகாரியின் பக்கமே நகர்த்தி வைத்தேன்.