நடுவில் வரைந்த படம்

நல்ல படம் பார்க்க வேண்டுமென்றால் முதலில் வெளிச்சத்தை அடைக்க வேண்டும், மேடம். பெரிய டிவியை வாங்கி ஹாலில் மாட்டிவிட்டு, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு பார்க்கிறவர்கள் உண்டு. அது வீண்.

எங்கள் மானாம்பதி வீட்டு மாடியில் நெல் மூட்டை அடுக்குவதற்காக அப்பா கட்டிய அறை ஒன்று சும்மா கிடந்தது. இருந்த இரண்டு ஜன்னல்களையும் செங்கல் வைத்து அடைத்தேன். சுவர் முழுக்கப் பஞ்சுப் பலகை, கதவு விளிம்புக்கு ரப்பர் பட்டை, ஒரு ஏசி, நான்கு சாய்வு நாற்காலிகள். உள்ளே வெடி வைத்தாலும் கீழே கேட்காது. இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை. பின்னால் நீங்கள் கேட்பீர்கள் என்பதால் சொல்கிறேன்.

இப்போது யாரும் 3டி டிவி செய்வதில்லை. மவுசு போய்விட்டது. சென்னையில் பழைய சாமான் விற்கிற கடை ஒன்றில் கிடைத்தது. கண்ணாடியோடு கொடுத்தான். கடைக்காரன் வாய் ஓயாதவன்.

"சினிமான்றது செகண்டுக்கு இருபத்திநாலு படம்தான் சார். இந்த டிவி அத்த நூத்தியிருபது ஆக்கிடும். நடுவுல இல்லாத படத்த அதுவே வரைஞ்சிக்கும். சாதா வீடியோவக்கூட 3டி ஆக்கும். எது முன்னாடி கீது, எது பின்னாடி கீதுன்னு அதுவே முடிவு பண்ணிக்கும்."

"தப்பா வரைஞ்சிட்டா?"

"அது எப்டி சார் உங்களுக்குத் தெரியும்? கண்ணு நம்பிடும்." சிரித்துக்கொண்டே அட்டைப் பெட்டியைக் கட்டினான்.

என் மனைவி வளர்மதிக்கு அந்த வழவழப்பு பிடிக்கவில்லை. "இன்னாங்க இது, சினிமா மாதிரியே இல்ல. பக்கத்து வூட்ல எட்டிப் பாக்கற மாதிரி கீது" என்பாள். எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. என் பையன் ராஜாராமுக்கும் அப்படித்தான். ராஜா என்று கூப்பிடுவோம், ஆறு வயது. கடல் படம் போட்டால் எழுந்து நின்று கையை நீட்டுவான். மீன் மூக்குக்கு நேராக வரும்.

படம் முடிந்ததும் கீழே ஓடுவான், ஆல்வினிடம் கதை சொல்ல. ஆல்வின் எங்கள் டிராக்டர் ஓட்டுகிறவன். காரும் அவன்தான் ஓட்டுவான். அவன் அப்பாவும் எங்கள் நிலத்தில்தான் இருந்தார். ஆல்வின் மாடிக்கு வந்ததில்லை. வீட்டுக்குள்ளேயே வந்ததில்லை. கொட்டகையில் உட்கார்ந்துகொண்டு, "இன்னைக்காவது மீனு கைக்கு மாட்டுச்சா ராஜா?" என்பான். "போ மாமா, அது கண்ணாடிக்குள்ள கீது" என்பான் இவன். மாமா என்று கூப்பிடுவது என் அம்மாவுக்குப் பிடிக்காது. நான் கண்டுகொள்ளவில்லை. அந்த விஷயத்தில் நான் தாராளமானவன் என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

போன கார்த்திகையில் தென்னேரி ஏரி நிரம்பி வழிந்தது. கலங்கல் என்று சொல்வோமே, தண்ணீர் வழிகிற கல்கட்டு, அங்கே ஊர் ஊராக வந்து வேடிக்கை பார்த்தார்கள். நானும் ராஜாவை அழைத்துப் போனேன். ஆல்வின்தான் கார் ஓட்டினான். போனில் வீடியோ எடுத்தேன். சினிமா மாதிரி வர வேண்டுமென்று நொடிக்கு இருபத்திநாலு என்று மாற்றி வைத்திருந்தேன். கல்கட்டின் மேல் ராஜா. பக்கத்தில் ஆல்வின்.

பையன் விழுந்தான்.

ஆல்வின்தான் குதித்து எடுத்துவந்தான். கலங்கலுக்குக் கீழே முள்ளில் மாட்டிக்கொண்டிருந்தானாம். எடுத்துவரும்போது எல்லாம் முடிந்திருந்தது. ஆல்வினுக்கு முழங்கை வரை கிழிந்திருந்தது. ஊரே அவனைப் புகழ்ந்தது. எங்கள் ஜனம்கூட அவன் வீட்டு வாசல்வரை போய் விசாரித்துவிட்டு வந்தது. அது சாதாரணமாக நடக்கிற காரியமில்லை.

பையனின் காரியம் முடிந்த மறுநாள் வளர்மதி என் போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனாள். அந்த வீடியோவைத் தனியாகப் பார்த்தாள். திரும்பி வந்தபோது அவள் முகத்தில் எதுவும் இல்லை.

"இத்த நீங்க சத்தத்தோட பாத்தீங்களா?"

"பாக்கவே இல்ல. முடியல."

"பாத்தாலும் சத்தம் வைக்காதீங்க" என்றாள். ஒரு பையில் துணி எடுத்துக்கொண்டு புள்ளலூரில் இருக்கும் தன் தம்பி சின்னராசு வீட்டுக்குப் போய்விட்டாள். துக்கம் ஒவ்வொருவரை ஒவ்வொரு மாதிரி பண்ணும். நான் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. அவள் சொன்னபடியே சத்தம் வைக்கவும் இல்லை.

தை மாதம் அந்த வீடியோவைப் பெரிய டிவியில் போட்டேன். பையனைப் பெரிதாகப் பார்க்க வேண்டுமென்றுதான். வேறு நோக்கம் இல்லை. 3டி பொத்தானை அழுத்தினேன். ஏரி பின்னால் போனது, ராஜா முன்னால் வந்தான். நான் கையை நீட்டினேன். கண்ணாடிக்குள்தான் இருந்தான், ஆனாலும் நீட்டினேன். அதற்கப்புறம் நாளெல்லாம் அந்த அறையில்தான். நெல் அறுத்தார்களா இல்லையா என்று கூட எனக்குத் தெரியாது. கதவைத் திறந்தால் வெயிலில் கண் கூசும். மறுபடியும் மூடிக்கொள்வேன்.

அப்படிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு நாள்தான் அந்தக் கை தெரிந்தது.

போனில் பார்த்தால் ஒன்றும் இருக்காது. ஆல்வினின் கை ராஜாவின் தோளருகே இருக்கும், அடுத்த கணம் விலகி இருக்கும், அதற்கடுத்த கணம் ராஜா சாய்ந்திருப்பான். டிவியில் அப்படி இல்லை. அந்தக் கணங்களுக்கு நடுவில் நடந்ததும் தெரிந்தது. கை விலகவில்லை. முன்னால் வந்தது. விரல்கள் விரிந்து முதுகில் பட்டன. மெதுவாக, வழவழவென்று, பக்கத்து வீட்டில் எட்டிப் பார்க்கிற மாதிரி.

நான் அவசரப்படவில்லை என்பதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். மாசி, பங்குனி முழுக்கப் பார்த்தேன். காரணம் இருக்கிறதா என்று யோசித்தேன். இருந்தது. ஐப்பசியில் ஆல்வின் என்னிடம் வந்து, ஒரகடத்தில் கம்பெனி வேலை கிடைத்திருக்கிறது, போகட்டுமா என்று கேட்டான். நடவு நேரத்தில் இன்னாடா பேச்சு என்று அனுப்பிவிட்டேன். தலையை ஆட்டிவிட்டுப் போனான். அப்படித் தலையை ஆட்டிவிட்டுப் போகிறவர்கள் மனதில் வைத்துக்கொள்வார்கள்.

கத்திரி வெயில் தொடங்கிய வாரம் அவனை வீட்டுக்குள் கூப்பிட்டேன். முன்வாசல் வழியாக. தயங்கினான்.

"இன்னாண்ணா, மேலயா?"

"வாடா. ராஜா பாத்த ரூம நீ பாத்ததே இல்லியே."

ராஜா பேரைச் சொன்னதும் வந்துவிட்டான். படம் பார்க்கும்போது போன் கூடாது என்பது என் அறையின் வழக்கம். கேட்டதும் எடுத்துக் கொடுத்தான். கண்ணாடியை நானே மாட்டிவிட்டேன். வீடியோ ஓடியது. ராஜாவைப் பார்த்ததும் அவனும் கையை நீட்டினான், மேடம். அது நடிப்பாகத்தான் இருக்க வேண்டும்.

கை வரும் இடத்தில் நிறுத்தினேன்.

"இது இன்னாடா?"

கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தான். மறுபடி போட்டுப் பார்த்தான். "இப்டி நடக்கலியேண்ணா. நான் கைய எடுத்தேன். அவ்ளோதான். சத்தம் வையுங்கண்ணா."

"சத்தம் எதுக்கு?"

"சத்தம் வச்சாத் தெரியும்ணா. ஒரே ஒரு தபா வையுங்க."

பேச்சை மாற்றுகிறான் என்று புரிந்தது. உண்மையைச் சொல்கிறவரை இங்கேயே இரு என்று சொல்லிவிட்டு, ரிமோட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்து பூட்டினேன். வீடியோ திரும்பத் திரும்ப ஓடும்படி வைத்திருந்தேன். உள்ளே தண்ணீர் பாட்டில்களும், ராஜாவுக்காக வாங்கிய பிஸ்கெட்டும் இருந்தன. ஏசியும் ஓடியது. நான் அவனை அடிக்கவில்லை. ஒரு விரல்கூட வைக்கவில்லை. அதை உங்கள் டாக்டரே சொல்வார்.

கேபிள் போக சுவரில் ஒரு துளை உண்டு. அதில் அடைத்த பஞ்சை எடுத்துவிட்டால் பேசலாம். அவ்வப்போது போய்க் கேட்பேன். "சத்தம் வையுங்கண்ணா" என்பான். மறுபடி பஞ்சை அடைத்துவிடுவேன்.

அன்று சாயங்காலம் அவன் மனைவி ஜெனிஃபர் வந்தாள். கேட்டுக்கு வெளியே நின்றாள்.

"எங்க வூட்டுக்காரு வந்தாராண்ணா?"

"நெல்லறுக்கற மெஷினோட திண்டிவனம் பக்கம் அனுப்பிக்கிறேன். ரெண்டு நாளாகும்."

"சொல்லாம போவ மாட்டாரேண்ணா. கடைக்குப் போனாலே நாலு தபா சொல்லுவாரு. போனும் எடுக்கல."

"டவர் கெடைச்சிருக்காது. வெயில்ல நடந்து வந்துகிற, மோர் குடிச்சிட்டுப் போ."

வெளியே வைத்திருக்கும் டம்ளரில் மோர் ஊற்றிக் கொடுத்தேன். நின்றபடியே குடித்தாள். கூப்பிடு தூரத்தில், மாடியில், அவள் புருஷன் இருந்தான். அந்த அறையை எவ்வளவு நேர்த்தியாகச் செய்திருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்கே முழுசாகத் தெரிந்தது.

மறுநாள் மத்தியானம் பஞ்சை எடுத்ததும், நான் கேட்பதற்கு முன்பே பேசினான். தொண்டை கட்டியிருந்தது.

"நான்தாண்ணா தள்ளுனேன். நீங்க சொல்றதுதான். கதவத் தொறங்க."

"எதுக்காகத் தள்ளுன?"

"நீங்களே சொல்லுங்கண்ணா. அத்தச் சொல்றேன்."

"ஒரகடம் வேலைக்கு விடலன்னா?"

"ஆமாண்ணா. அதுக்குத்தான். அம்மா மேல சத்தியமா அதுக்குத்தான். தொறங்கண்ணா, வூட்ல தேடுவா."

இந்த இடத்தில் உங்களுக்கு வருகிற கேள்வி எனக்கும் வந்தது. ஒப்புக்கொண்டால் திறப்பதாகத்தான் முதலில் நினைத்திருந்தேன். ஆனால் நிதானமாக யோசித்துப் பாருங்கள். ஒப்புக்கொள்ளாதவரை ஒரு சந்தேகம் இருந்தது. அந்தச் சந்தேகத்துக்குத்தான் நான் ஏசி ஓட்டினேன், தண்ணீர் வைத்தேன். ஒப்புக்கொண்ட பிறகு சந்தேகம் இல்லை. என் பையனைக் கொன்றேன் என்று தன் வாயால் சொன்னவனை எப்படிக் கதவைத் திறந்து வீட்டுக்கு அனுப்புவது? நீங்கள் அனுப்புவீர்களா?

மாடி அறைக்குத் தனி மெயின் சுவிட்ச் உண்டு. படியிறங்கும் இடத்தில். அதை அணைத்தேன். டிவியும் விளக்கும் ஏசியும் ஒன்றாக நின்றன. பஞ்சை அடைத்து, அதன் மேல் டேப் ஒட்டினேன். கத்திரி வெயிலில் அந்த மொட்டை மாடி எப்படிக் கொதிக்கும் என்று எனக்குத் தெரியும். ஏசி போட்டதே அதனால்தான். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல மாட்டேன்.

பிறகு குளித்துவிட்டுப் புள்ளலூர் போனேன். வளர்மதியிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. "ராஜா தவறி விழல. யாருன்னு கண்டுபுடிச்சிட்டேன்" என்றேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது.

"சத்தம் வச்சிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

"எல்லாரும் இன்னாத்துக்கு அதையே கேக்கறீங்க?" என்றேன்.

"எல்லாரும்னா யாரு?"

அவள் என்னைப் பார்த்த மாதிரி அதற்குமுன் யாரும் பார்த்ததில்லை. தம்பியைக் கூப்பிட்டாள். வண்டியை எடுக்கச் சொன்னாள். ஆனால் மானாம்பதிக்கு நாங்கள் வருவதற்குள் நீங்கள் வந்துவிட்டீர்கள். வந்தும் பலனில்லாமல் போயிருந்தது.

நீங்கள் வந்தது செருப்பால் என்று பிறகுதான் சொன்னார்கள். ஜெனிஃபர் இரண்டாவது தடவை வந்தபோது கேட்டுக்கு வெளியே வைக்கோல் போருக்கு அடியில் ஆல்வினின் செருப்பைப் பார்த்திருக்கிறாள். எங்கள் வீட்டுக்கு வரும்போது அதை அங்கேதான் கழற்றி வைப்பானாம், அவன் அப்பா காலத்திலிருந்தே அப்படித்தானாம். செருப்பில்லாமல் எந்த மனுஷன் திண்டிவனம் போவான் என்று ஸ்டேஷனில் கேட்டாளாம். நியாயமான கேள்வி. இத்தனை வருஷத்தில் அவன் செருப்பை எங்கே விடுகிறான் என்று நான் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் எடுத்து உள்ளே போட்டிருப்பேன்.

உங்கள் கம்ப்யூட்டர் பையன் காலையில் விளக்கினான். டிவி நடுவில் போடும் படங்கள் எடுக்கப்பட்டவை இல்லை, அந்தக் கையை டிவியே வரைந்தது என்றான். கடைக்காரனும் முன்பே அதைத்தான் சொன்னான், ஞாபகம் இருக்கிறது. ஆனால் ஒன்றுமே நடக்காத இடத்தில் ஒரு டிவி ஏன் வரையப் போகிறது? அதற்கு ஆல்வின் மேல் என்ன பகை?

அப்புறம் அந்த வீடியோவைச் சத்தத்தோடு போட்டுக் காட்டினீர்கள். தண்ணீர் இரைச்சல். அதற்கு மேலே ஒரு குரல். "ஆல்வினு, கைய எடுடா, நீ ஃப்ரேம்ல வர்ற. தள்ளி நில்லு. ராஜா, இன்னும் கொஞ்சம் பின்னால போ. இன்னும் கொஞ்சம். அப்டித்தான்."

இது யார் குரல் என்று மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். என்னுடையது மாதிரி இருக்கிறது என்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் முழு வீடியோவையும் நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், மேடம். நீங்களும் ஒருமுறை சத்தத்தை நிறுத்திவிட்டு நிதானமாகப் பாருங்கள். ராஜா இருக்கிறான், ஆல்வின் இருக்கிறான். நான் அதில் எங்கேயுமே இல்லை.