பரிபூரணம் முழங்காலிட்ட ஞாயிறு

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவை வாங்கிய அன்றே சாப்பிட்டுவிட வேண்டும், ஐயா. அன்றைக்கு நாக்கில் வைத்தால் தானாகக் கரையும். மறுநாள் இறுகிப்போகும்.

என் வீட்டுக்காரருக்கு நடக்கப்போகும் நினைவு ஆராதனையில் என்ன பேசலாம் என்று கேட்டீர்கள். நீங்கள் இந்தச் சபைக்குப் புதிய போதகர். அவரைப் பற்றி முழுவதும் தெரிந்தால்தானே பேச முடியும். சொல்கிறேன்.

பரிபூரணம் என்று பெயர் வைத்ததாலோ என்னவோ, அவரிடம் ஒரு குறையும் கிடையாது. குடி இல்லை, பீடி இல்லை. ராஜபாளையத்தில் நூல் மில்லில் ஃபிட்டர். கூட வேலை பார்த்த பால்ச்சாமிக்கு வாதம் வந்து, பேச்சும் வலது பக்கமும் போனபோது சொந்தக்காரர் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. இவர் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே எங்கள் வீட்டுக்கு அழைத்துவந்துவிட்டார். குளிப்பாட்டுவது, பீ மூத்திரம் அள்ளுவது எல்லாம் அவரே. தலையணை வைத்து நிமிர்த்தி உட்காரவைத்து, விழுங்கியாயிற்றா என்று தொண்டையைத் தொட்டுப் பார்த்துத்தான் அடுத்த கரண்டிக் கஞ்சியை ஊட்டுவார். எப்போதாவது பால்கோவா வாங்கிவந்து விரல்நுனியால் நாக்கில் தடவுவார். பால்ச்சாமியின் பாதி முகம் சிரிக்கும். இப்படி ஏழு வருஷம்.

எனக்கு அதில் வருத்தம் இல்லை. நானும் துணி அலசிப் போட்டேன். என் வருத்தம் வேறு. அவர் கோயிலுக்கு வருவதே இல்லை. நற்கிரியைகளால் யாரும் இரட்சிக்கப்படுவதில்லை, விசுவாசத்தால் மட்டும்தான் என்று பிரசங்கத்தில் கேட்டதை வந்து அவரிடம் சொல்வேன்.

“ஏட்டி, இவனுக்குச் செய்யுதத மேல உள்ளவரு பாத்துக்கிட்டுத்தான இருக்காரு,” என்பார். “பொறவு நான் முட்டிபோட்டு வேற சொல்லணுமா?”

சிரித்துக்கொண்டே சொல்வார். அந்தச் சிரிப்புதான் என் தூக்கத்தைக் கெடுத்தது. கெட்டவன் என்றால் என்றைக்காவது அழுதுகொண்டு வந்து நிற்பான். நல்லவருக்கு எதற்கு இரட்சகர்? கட்டிலில் கிடந்த பால்ச்சாமியைப் பார்க்கும்போதெல்லாம், என் வீட்டுக்காரர் அந்த உடம்பின்மேல் ஏறி நின்று பரலோகத்தை எட்டப் பார்ப்பதுபோல எனக்குத் தோன்றும்.

எண்பத்தெட்டாம் வருஷம் அது. முந்தின நாள் வாங்கிய பால்கோவாவில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அவர் மதிய ஷிப்டுக்குப் புறப்படும்போது அதில் துளி எடுத்து நாக்கில் தடவி, பால்ச்சாமியைப் படுக்கவைத்துவிட்டுப் போனார். மிச்சத்தை நான் எடுத்தேன். முதலில் பால்ச்சாமியின் காதருகே ஜெபம் பண்ணினேன். இயேசுவை ஏற்றுக்கொள்கிறீர்களா அண்ணாச்சி என்று கேட்டேன். அவர் என் கையிலிருந்ததையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய ஆத்துமாவைப் பற்றி என்னால் நிச்சயமாக ஒன்றும் சொல்ல முடியாது.

நிமிர்த்தி உட்காரவைக்கவில்லை. முதல் உருண்டைக்குச் சிரித்தார். இரண்டாவதற்கும் வாயைத் திறந்தார். பிறகு இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். உதவிக்குத்தான் பிடித்தார். நான் கையை உதறவில்லை. முடியும்வரை பிடித்துக்கொள்ளட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். அப்புறம் வாயைத் துடைத்துவிட்டேன்.

மில்லுக்கு ஆள் அனுப்பினேன். ஓடிவந்தவரிடம், நீங்கள் கொடுத்தது இறுகிப்போய்த் தொண்டையில் நின்றுவிட்டது என்றேன். அவர் தன் விரலைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“செத்த நேரம் இருந்து பாத்துட்டுப் போயிருக்கணும்,” என்றார்.

அதன் பிறகு அவர் சிரிக்கவில்லை. அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு, நான் கூப்பிடாமலே வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கூட வந்தார். பீடத்தின் முன்னால் முழங்காலிட்டார். “எங்கிட்ட ஒண்ணுமே இல்ல, ஆண்டவரே,” என்று எல்லோருக்கும் கேட்கும்படி அழுதார். சபையே அழுதது. என் கல்யாணத்தன்றுகூட நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

அதற்குப் பிறகு பத்து வருஷம் இருந்தார். ஒரு ஞாயிறு தவறியதில்லை. ஆனால் யாரையும் தொடமாட்டார். பக்கத்து வீட்டு இருளம்மாள் வாசலில் மயங்கி விழுந்தபோதுகூட, என்னைக் கூப்பிட்டுவிட்டுக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளி நின்றார்.

சாவதற்கு முந்தின நாள் என்னைப் பக்கத்தில் அழைத்தார்.

“ஜெயபாய், அங்க பால்ச்சாமி என்னப் பாத்தா என்ன கேப்பான்?” என்றார்.

ஒரு வார்த்தை சொல்லி அவர் பாரத்தை இறக்கியிருக்கலாம். இறக்கினால் பழையபடி நல்லவராகிவிடுவாரே, அப்படியே கண்ணை மூடிவிட்டால் என்ன ஆவது?

“ஆண்டவர்தான் மன்னிச்சிட்டாருல்லா. தூங்குங்க,” என்றேன். அழுதுகொண்டேதான் போனார்.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். போலீசுக்குச் சொல்ல வேண்டுமென்றால் சொல்லுங்கள், ஐயா, எனக்குப் பயமில்லை. நானும் பாவிதான், எத்தனையோ பாவங்களை அறிக்கையிட்டிருக்கிறேன். பால்ச்சாமி காரியத்தை மட்டும் அவற்றோடு சேர்த்ததில்லை. தொலைந்துபோக இருந்த ஓர் ஆத்துமாவைக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறேன். அந்த ஒரு நல்ல காரியத்துக்காகவாவது ஆண்டவர் என்னை உள்ளே விடமாட்டாரா?