அத்தை திருச்சானூருக்குப் போகவில்லை

கருமாதிச் சாப்பாட்டில் எல்லாரும் கத்திரிக்காய்க் கொத்சுவைத்தான் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்கள். அத்தையின் பக்குவம் அது. நான் செய்தேன். பந்தி முடிந்ததும் பெரியவர் சண்முகம், "நீதான் கூடவே இருந்தவ. அவங்களப் பத்தி நாலு வார்த்த சொல்லும்மா" என்றார். சொன்னேன். கேட்டு அழாதவர்கள் குறைவு. உங்களிடமும் அதையேதான் சொல்லப்போகிறேன் மேடம், கொஞ்சம் கூடுதலாக.

அந்த மருந்துக் கடைக்காரரை முதலில் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அவர் மேல் தப்பில்லை. கெட்டுப்போன மருந்தை விற்று அம்மாவைக் கொன்றுவிட்டான் என்று அவர்மேல் என் கொழுந்தன் சுரேஷ்பாபு புகார் கொடுத்திருக்கிறார். நல்ல மருந்துதான். இதோ, இன்ஹேலரைக் கொண்டுவந்திருக்கிறேன். அழுத்திப் பாருங்கள்.

சுந்தரம்மா என் மாமியார். எழுபத்தெட்டு வயது. பதினைந்து வயதில் நகரிக்கு வாழ வந்தவர். முப்பத்தாறில் புருஷன் போனார். மூத்தவன் பாலையாவுக்கு எட்டு வயது, சுரேஷ்பாபுவுக்கு இரண்டு. ஒரு கைத்தறியில் ஆரம்பித்து ஆறு பவர்லூம் வரைக்கும் கொண்டுவந்தார். ஒருமுறை கரண்டை வெட்டிவிட்டார்கள். அத்தை சாப்பாட்டுத் தூக்கோடு கரண்டு ஆபீஸ் படியில் போய் உட்கார்ந்தார். எழுந்து போகச் சொன்னவரிடம் "இக்கடே உண்டானு பாபு" என்றார். இங்கேயே இருக்கிறேன் என்று அர்த்தம். மூன்றாம் நாள் கரண்டு வந்தது. தொண்ணூறுகளில் நூல் விலை ஏறி, எங்கள் தெருவில் ஏழு வீடு பூட்டிக்கொண்டு சென்னைக்கும் திருப்பூருக்கும் போனது. அத்தை தறியை நிறுத்தவில்லை. அந்தப் பஞ்சுத் தூசிதான் அவர் நெஞ்சில் இழுப்பாகத் தங்கியது.

நான் பாலையாவைக் கட்டிக்கொண்டு எண்பத்தெட்டில் வந்தேன். ஐந்து வருஷத்தில் அவர் குவைத் போனார். மூன்று வருஷம் கடிதம் வந்தது. பிறகு, அங்கே இன்னொருத்தியோடு குடும்பமாகிவிட்டார் என்ற செய்தி வந்தது. அத்தை என்னைக் கூட்டிக்கொண்டு எஸ்டிடி பூத்துக்குப் போனார். "இனிமே நீ எனக்குப் புள்ள இல்ல. அம்சவேணிதான் எனக்குப் பொண்ணு" என்று சொல்லிவிட்டு வைத்தார். அழவில்லை. திரும்பி வரும்போது எனக்குப் பூ வாங்கி வைத்துவிட்டார்.

ஏர்பேட்டிலிருந்து என் அப்பா வந்தார். "வா, இன்னொரு எடம் பாக்கறேன்" என்றார். எனக்கு இருபத்தேழு வயது. அத்தை வாசலில் நின்று, "அவ போனா நானும் பின்னாலயே வந்துருவேன் நைனா" என்றார். அப்பா காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். நான் தங்கினேன். தங்கியதில் வருத்தமில்லை. ஒரு மனுஷி நம்மை அப்படிக் கேட்டால் வேறென்ன வேண்டும்?

சுரேஷ்பாபு அமெரிக்காவில் ஆறு வருஷம் இருந்துவிட்டு வந்து திருச்சானூரில் வீடு கட்டினார். நல்ல பிள்ளை. அம்மாவை அங்கே வைத்துக்கொள்ள ஆசைப்பட்டார். முதல்முறை அவர் கூப்பிட வந்தபோது, நான் தறிக் கொட்டகையிலிருந்த கழிவுப் பஞ்சு மூட்டைகளை அத்தையின் கட்டிலுக்குக் கீழே மாற்றி வைத்தேன். ஒரு வாரம் இழுத்தது. பயணம் நின்றது. நான்தான் பக்கத்திலிருந்து வெந்நீர் கொடுத்து முதுகு தடவினேன். அடுத்த முறையும் அப்படித்தான். அத்தையும் அப்போதெல்லாம் சந்தோஷமாகத்தான் இருந்தார். "நீ இல்லன்னா நான் எப்பவோ போய்ச் சேந்துருப்பேன்டி" என்பார்.

மூன்றாம் முறை அத்தையே துணிமணிகளை மடித்து வைத்தார். அதை நான் எதிர்பார்க்கவில்லை.

"எத்தினி வருசத்துக்கு இந்தக் கெய்விய கட்டிக்கினு கெடப்ப?" என்றார். "அன்னிக்கு உங்கப்பன் கூப்ட வந்தப்ப நான் தடுத்தது தப்பு அம்சா. இந்த ஊடு, தறி எல்லாம் இனிமே உன்னுது. உன் இஸ்டத்துக்கு இரு. நானும் கொஞ்ச நாளு தாயாரு கோயிலு மணி கேட்டுக்கினு இருக்கேன்."

அவர் என்மேல் இருந்த அக்கறையில் பேசினார். வயதானவர்கள் மனசில் ஒன்று வைத்து வேறொன்று சொல்வார்கள். பதினாறு வருஷம் கூட இருந்தவளுக்கு அது புரியாதா?

வியாழக்கிழமை பிற்பகல். வண்டியில் பெட்டியை ஏற்றிவிட்டு, சுரேஷ்பாபு நாராயணவனம் கோயிலில் அர்ச்சனை செய்துவரப் போயிருந்தார். நாலு மணிக்குப் புறப்பாடு. நான் கொட்டகையைக் கூட்டினேன், ஜன்னலைத் திறந்து வைத்து. தூசி நேராக அத்தையின் அறைக்குள் போகும். அத்தைக்கு இழுப்பு ஆரம்பித்தது. இதுவும் ஒரு வாரத்துக்கு என்றுதான் நினைத்தேன். அப்போதும் அவர் கண் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது.

"அம்சா, மருந்து" என்றார்.

எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கொடுக்கவில்லை. "போகலன்னு சொல்லு அத்த, தரேன்" என்றேன். சத்தம் போடாமல், குழந்தையிடம் கேட்பதுபோலத்தான் கேட்டேன். அவர் தலையை ஆட்டினார். இல்லை என்றா, சரி என்றா, எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை. வாயால் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். பக்கத்துத் தெருவில் தறி ஓடிக்கொண்டிருந்தது. இருபது நிமிஷம் இருக்கும்.

சுரேஷ்பாபு பிரசாதத்தோடு வந்தபோது, "மருந்து அடிச்சேன், கேக்கல" என்றேன். நான் சொன்ன ஒரே பொய் அதுதான். அதற்காக ஒரு கடைக்காரர் ஜெயிலுக்குப் போவது நியாயமில்லை.

நான்தான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஒன்றையும் சேர்த்து எழுதுங்கள் மேடம். அத்தைக்குப் போக மனசே இல்லை. கடைசியில் என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மருந்து என் மூடிய கைக்குள் இருந்தது, உண்மைதான். ஒவ்வொரு விரலாக நிமிர்த்தப் பார்த்தார், அதுவும் உண்மைதான். இதோ பாருங்கள், நகம் பட்ட காயம் இன்னும் ஆறவில்லை. அவ்வளவு இறுக்கமாக யாராவது பிடிப்பார்களா, விட்டுப்போக நினைக்கிற ஆளை?