கடித்துப் பார்த்த கிளை

எம். புதுப்பட்டியிலிருந்து சிவகாசிக்கு வந்த பஸ்ஸில், என் முன்சீட்டுப் பெண் தன் கணவரிடம் சொன்னாள்: “கடிச்சுப் பாருங்களேன்.”

அவர் மடியில் பட்டை உரித்த ஒரு கிளை இருந்தது. ரோட்டை அகலமாக்க வெட்டிப் போட்டிருந்த மரங்களில் எடுத்தது. மகளுக்குப் பள்ளியில் வில் போட்டியாம்.

“கருவேலம்னா தாங்கும். வேம்பா இருந்தா பிள்ள இழுக்கும்போதே முறிஞ்சு மூஞ்சில அடிச்சிரும்,” என்றாள்.

அவர் ஓரத்தைக் கடித்து மென்றார். “கசக்குது புள்ள. வேம்புதான். தூக்கிப் போட்ருவோம்.”

அவள் வாங்கிக் கடித்தாள். “எங்கன கசக்குது? துவர்க்குதுல்ல!”

“ஒன் நாக்கு செத்துப்போச்சு.”

“நேத்து என் குழம்பையும் கசக்குதுன்னுதான் தள்ளி வச்சீக.”

டிக்கெட் போட வந்த கண்டக்டரிடம் கிளையை நீட்டினாள். “அண்ணாச்சி, நீங்க சொல்லுங்க.”

“டிக்கெட்டு கேட்டா கட்டையக் குடுக்கீக!” என்று சிரித்தாலும், ஒரு சிராயைக் கிள்ளி வாயில் போட்டார். “துவர்ப்புத்தான். கருவேலங்குச்சில பல்லு வெளக்குனதில்லையா?”

“பாத்தீகளா! பிள்ளைக்கு வில்லு ஆச்சு.”

கண்டக்டர் கணவரின் விரல்களில் ஒட்டியிருந்த வெள்ளிப் பொடியைப் பார்த்தார். “பட்டாசுக் கம்பெனில என்ன வேல அண்ணாச்சி?”

“மருந்து கலக்குறது.”

“மருந்துல நிக்கிற நாக்குக்கு எல்லாமே கசக்கும்,” என்று கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

“அப்ப என் குழம்புல குத்தமில்ல,” என்றாள் அவள்.

அவர் கிளையை மறுபடி கடித்தார். நிதானமாக மென்றார்.

“எனக்குக் கசக்கத்தான் செய்யுது.”

சிவகாசி வரும்வரை அவள் அவர் விரல்களிலிருந்த வெள்ளிப் பொடியை முந்தானையால் துடைத்துக்கொண்டே வந்தாள்.