மாலை போட்டவரின் மனைவி

சூலூரிலிருந்து காந்திபுரம் போகிற டவுன் பஸ். எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள் வலது அடிவயிற்றில் கையை வைத்தபடி கேட்டாள்.

“பாதீல மாலையக் கழட்டுனா சாமி கோவிச்சுக்குமாங்க்கா?”

“எதுக்கு கண்ணு கேக்கற?”

“இன்னைக்கோ நாளைக்கோ கருமுட்டை வெடிச்சுருமுன்னு ஸ்கேன்ல சொல்லிப்போட்டாங்க. அவுங்க சொல்லோணுமுன்னே இல்லீங்க. காத்தால இருந்து இந்தப் பக்கம் சுருக்கு சுருக்குன்னு குத்துது. சும்மா சும்மா அழுகை வருது. அவரு மேல ஆசையாவும் இருக்குது.”

“அப்பறம் என்ன?”

“உங்க தம்பிதான் கொழந்தை வேணுமுன்னு வேண்டிப் பழனிக்கு மாலை போட்டுட்டு, வாசல்ல தனியாப் படுத்துக்கறாருங்களே. மாசாமாசம் இந்த வலிய நம்பறதும், அப்பறம் தலைக்கு ஊத்திக்கறதுமே பொழப்பாப் போச்சுங்க்கா.”

எனக்குச் சிரிப்பு வந்து, பாதியிலேயே நின்றுவிட்டது. அக்கா சிரிக்கவேயில்லை. வயிற்றிலிருந்த அந்தக் கையின் மேல் தன் கையை வைத்துக்கொண்டு, மறு கையால் போனை எடுத்தாள்.

“தம்பி, சாயங்காலம் வாரேன். மாலையக் கழட்டி எங்கிட்டக் குடுத்துரு. உனக்குப் பதுலா பழனிக்கு நா நடக்கறேன். நீ இன்னைக்கு ஊட்டுக்குள்ள படு.”