கையை இறக்காதீங்க

...அவங்கதான் எடுத்தாங்க. எங்க வேணும்னாலும் வந்து சொல்லுவேன். கையை இறக்காதீங்க! ரெண்டு கையையும் நேரா நீட்டி, கொஞ்சம் அகட்டி... ஆங், அப்படியே இருங்க. நூல் தொய்ஞ்சா சிக்கு விழுந்துடும், அப்புறம் அதை எடுக்குறதுக்குள்ள எனக்கு நரைச்சுடும். என்ன, பையா? அது அங்க செருப்பு ஸ்டாண்ட் பக்கத்துலயே இருக்கட்டுங்க, யாரும் தொட மாட்டாங்க. அடுத்தவங்க பொருளை எடுக்குற ஆளு இப்ப இந்த வீட்டுக்கு வர்றதில்ல. அதைத்தானே சொல்லிக்கிட்டு இருக்கேன்!

நீங்க கீழ் வீட்டுக்கு நேத்துதானே குடி வந்தீங்க? கதவைத் தட்டுனதும் நினைச்சேன், தண்ணி விஷயமாத்தான் இருக்கும்னு. இல்லையா? சரி, என்னவா இருந்தாலும் இந்த நூலைச் சுத்தி முடிச்சதும் சொல்லுங்க. ஒரு ஆளு கையில மாட்டிக்கிட்டு நின்னாத்தான் பந்து உருட்ட வரும். நாற்காலி முதுகுல மாட்டிப் பார்த்தேன், சாஞ்சு என் கால்லயே விழுந்துச்சு. என் வீட்டுக்காரர்கிட்ட கேக்கலாம்னா அவரு ஒரு வாரமா என்கூடப் பேசுறதில்ல. பேசிக்கிட்டு இருந்த காலத்துல மட்டும் என்னத்தைப் பெருசா... கையைக் குடுன்னா ஒரு கையைக் குடுப்பாரு, இன்னொரு கையில போனு.

ஏய் வாண்டு! இங்க வா. ஆன்ட்டி பையைத் தொடாதே. இதுதாங்க எங்க கடைக்குட்டி. ரெண்டு வயசாகப் போகுது, நடக்கக் கத்துக்கிட்டதுல இருந்து ஒரு டப்பாவை மூடி வைக்க முடியல.

எங்க விட்டேன்... ஆங், நாத்தனார். என் வீட்டுக்காரரோட அக்கா. ரெண்டு தெரு தள்ளி இருக்காங்க. நான் ரயில்வே ஸ்டேஷன்ல டிக்கெட் கவுன்ட்டர்ல இருக்கேன்ல, பகல்ல வாண்டைப் பார்த்துக்கறது, சாயங்காலம் பெரியவனையும் நடுவுல உள்ளவளையும் ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டு வர்றது, துணி மடிக்கிறது எல்லாம் அவங்கதான். நான் ஒண்ணும் இல்லேங்கல. செய்வாங்க. ஆனா செய்யறப்ப வாயும் சேர்ந்து வேலை செய்யும். எனக்கு ரொம்பப் பேசுறவங்களைக் கண்டாலே ஆகாது.

அவங்க எடுத்தாங்களே, நடுவுல உள்ளவளோட மஞ்சள் ஸ்வெட்டரு, அதை நான் எப்படிப் போட்டேன்னு உங்களுக்குத் தெரியாது. உக்காந்து நிதானமாப் பின்ன எனக்கு ஏதுங்க நேரம்? காலையில பால் பொங்குறதுக்குள்ள ஒரு வரிசை. பஸ்ல சீட்டு கிடைச்சா நாலு வரிசை. பேரன்ட்ஸ் மீட்டிங்ல டீச்சர் பெரியவனோட கணக்கு மார்க்கைப் பத்தி அழாத குறையாச் சொல்லிக்கிட்டு இருக்காங்க, நான் மேஜைக்குக் கீழ கண்ணி எண்ணிக்கிட்டு இருக்கேன். பாத்ரூம்ல கூடங்க... அங்கதான் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கு. கவுன்ட்டர்ல ஒரு நாள் மடியில வச்சுப் பின்னிக்கிட்டே டிக்கெட் குடுக்கறேன், ஒருத்தரு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குனிஞ்சு, ‘வண்டி எந்த பிளாட்பாரம்மா’ங்கறாரு. நானு பின்னல் கணக்குலயே, ‘ரெண்டு நேரு, ரெண்டு புரட்டு’ன்னுட்டேன். அந்த மனுஷன் அதைக் கேட்டுட்டு நேரா ரெண்டாவது பிளாட்பாரத்துல போய் நின்னாரு. நல்ல வேளை, வண்டியும் அங்கதான் வந்துச்சு.

அப்படிப் பின்னுன ஸ்வெட்டருங்க அது! ஒரு கை மட்டும் கொஞ்சம் நீளம், அது வேற விஷயம். இடது கை பின்னுனப்ப எங்க வீடு நிம்மதியா இருந்துச்சு, நூல் இளகி வந்துடுச்சு. வலது கை பின்னுனப்ப பெரியவன் பக்கத்துத் தெருக் கண்ணாடியை உடைச்சுட்டு வந்து நிக்கறான், வாண்டுக்கு வயித்தால போகுது, இவரு வேற ‘சட்டையில பட்டன் இல்ல’ன்னு அலமாரி முன்னாடி பிரசங்கம். இழுத்து இழுத்துப் பின்னுனதுல கண்ணியெல்லாம் கல்லு மாதிரி ஆயிடுச்சு. நம்ம மனசு எப்படியோ அப்படித்தானே கை போகும்? அதைப் போய் எங்க நாத்தனாரு, மூக்குக் கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கிட்டு, ரெண்டு கையையும் சேர்த்து வச்சு அளந்து பார்த்து, ‘ஒண்ணு தாயி கை, ஒண்ணு மாமியா கையா இருக்கே’ங்கறாங்க. சிரிப்பு வேற! என் பொண்ணும் கூடச் சேர்ந்து சிரிக்கறா. பெத்தது நானு, சிரிக்கிறது அத்தை கூட.

கையை... கையைக் கொஞ்சம் தூக்குங்க. வலிக்குதா? இன்னும் கொஞ்சந்தான்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். போன வாரம் அதை நான் என் கையால அலசுனேன். யாரையும் தொட விடல. கம்பளியைப் பிழியக் கூடாது தெரியுமில்ல? துண்டுல சுருட்டி அமுக்கி ஈரத்தை எடுத்துட்டு, பால்கனிக் கட்டைச் சுவர் மேல படுக்கப் போட்டேன். கொடியில தொங்க விட்டா ஸ்வெட்டர் நைட்டியா மாறிடும். அப்ப இவங்க, எங்க நாத்தனாரு, உள்ள இருந்தே, ‘ஏம்மா, காத்தடிக்குது, ரெண்டு கிளிப்பு போடு’ன்னாங்க. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! கிளிப்பு போட்டா கம்பளியில பல்லுப் பல்லாப் பதிஞ்சுடாது? இவ்வளவு பின்னுறவங்களுக்கு இது கூடத் தெரியாதா? ‘உங்க வேலையைப் பாருங்க அண்ணி’ன்னு சொல்லிட்டு நான் டூட்டிக்குப் போயிட்டேன். சாயங்காலம் வந்து பார்த்தா ஸ்வெட்டரைக் காணோம்!

இவரு சொல்றாரு, ‘கீழ எட்டிப் பாரு’ன்னு. பார்த்தேங்க, தெரு பூராத் தேடுனேன். இல்ல. உங்க வீட்டுப் பால்கனிக்கு மேல ஒரு தகரம் சாய்வாத் துருத்திக்கிட்டு நிக்குதா, அந்தப் பக்கம் ஒண்ணும் தெரியாது, அப்ப வீடும் பூட்டிக் கிடந்துச்சு. வேற எங்க போகும்? கால் முளைச்சு நடந்தா போகும்? அதுக்கு முந்தின நாள்தான் எங்க நாத்தனாரு ஸ்வெட்டரைக் கையில எடுத்துப் பார்த்து, ‘எங்க வீட்டுப் பொண்ணுக்கு அளவெடுத்துத் தைச்ச மாதிரியே இருக்கு’ன்னு சொன்னாங்க. சொன்னாங்களா இல்லையா? சொன்னாங்க! நான் பட்டுன்னு கேட்டுட்டேன். ‘கேட்டிருந்தா குடுத்திருப்பேனே அண்ணி, இப்படித் தூக்கிட்டுப் போகணுமா’ன்னு. பசங்க எல்லாம் சுத்தி நிக்குதுங்க. நின்னா என்ன, உண்மையைக் கேட்கறதுக்கு என்ன பயம்?

ஒரு வார்த்தை பேசலைங்க அந்த வாயாடி மனுஷி. தோள்ல இருந்த பையைக் கழட்டி அப்படியே நடுக்கூடத்துல கவுத்துக் காட்டுனாங்க. ஒரு குடை, ஒரு சீப்பு, மூக்குக் கண்ணாடிக் கூடு, வாண்டோட ஒத்தைச் சாக்ஸ். ஓட்டையைத் தைக்கறதுக்கு எடுத்துட்டுப் போறாங்களாம்! என்ன நடிப்புங்கறீங்க? அதை மட்டும் என் கையில குடுத்துட்டு, மத்ததை அள்ளிப் போட்டுக்கிட்டுப் போயிட்டாங்க. அதுக்கப்புறம் இந்தப் பக்கம் வரல. ஸ்கூலுக்கும் இவருதான் ஓடறாரு. வாண்டைப் பார்த்துக்க ஆளில்லாம நான் ஒரு வாரமா லீவு. எங்க மேலதிகாரி, ‘திங்கக்கிழமை நீங்க வரலைன்னா அந்த சீட்டுல வேற ஆளு உக்காந்திருக்கும்’னு சொல்லிட்டாரு. போகட்டும்னு விட முடியுங்களா? இவரு சம்பளம் வாடகைக்கும் ஸ்கூலுக்கும் போயிடும், சோறு போடுறது என் கவுன்ட்டர்தான்.

நடுவுல உள்ளவளுக்கு வேற இருமல். அவளுக்குன்னுதானே இதோ மறுபடி பின்ன உக்காந்திருக்கேன்.

என்ன, இந்த நூலா? நல்ல நூலுங்க. தொட்டுப் பாருங்க... சரி, உங்களால தொட முடியாது. இது... அது வந்து... எங்க நாத்தனாரு பெரியவனுக்குப் போட்டுக் குடுத்த நீல ஸ்வெட்டரு. பிரிச்சுட்டேன். முந்தாநேத்து பிரிச்சேன். அப்படிப் பார்க்காதீங்க! அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு பத்திக்கிட்டு வந்துச்சு. ரெண்டு கையும் ஒரே நீளம், ஒரு கண்ணி தப்பல, மனுஷி பின்னுனதா மெஷின் பின்னுனதான்னே தெரியாது. பிரிச்சா நூடுல்ஸ் மாதிரி சுருண்டுக்கிச்சு. அலசி, கனம் கட்டித் தொங்க விட்டு நேராக்கினேன். பெரியவன் இந்தக் குளிர்ல ரெண்டு சட்டையை ஒண்ணு மேல ஒண்ணாப் போட்டுக்கிட்டு ஸ்கூலுக்குப் போயிருக்கான். போகும்போது என்னை ஒரு பார்வை பார்த்தான் பாருங்க... அப்படியே அவங்க அத்தை பார்வை.

இன்னைக்கு அவங்களைக் கூட்டிட்டு வர்றேன்னு இவரு போயிருக்காரு. ஒரு வாரமாப் பேசாதவரு காலையில வாயைத் திறந்து சொன்ன ஒரே வாக்கியம், ‘அக்காகிட்ட நீ மன்னிப்பு கேக்கணும்.’ நானா? நானாங்க கேக்கணும்? அந்த ஸ்வெட்டரை எடுத்துட்டு வந்து என் கையில வச்சு, ‘தப்புதான்’னு ஒரு வார்த்தை அவங்க சொல்லட்டும், நான் விட்டுடறேன். எனக்குப் பெரிய மனசுதான், கேட்டுப் பாருங்க யாரை வேணும்னாலும். என்ன திரும்பத் திரும்ப வாயைத் திறந்து மூடுறீங்க? தாகமா இருக்கா? இருங்க, இதோ முடியப் போகுது, டீ போடறேன்.

ஏய் வாண்டு, சொன்னேனா இல்லையா? ஆன்ட்டி பையைக் கவுக்கறான் பாருங்க, இவனுக்கு யாரு கத்துக் குடுத்தது பையைக் கவுக்க... போடு கீழ. அது என்னடா கையில? மஞ்சளா... எங்க, காட்டு.

...

இது...

இது எப்படிங்க உங்க பையில?

பால்கனியிலயா? அந்தத் தகரத்துக்கு அடியிலயா? பூந்தொட்டிக்குப் பின்னாடி... காத்துல பறந்து...

அப்ப இதைக் குடுக்கத்தான் வந்தீங்களா? ஏங்க, வந்ததும் சொல்றதுக்கென்ன? வாயில பூட்டா போட்டிருக்கு? இவ்வளவு நேரமா என் எதிர்ல ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு நிக்கறீங்க, என்னை இவ்வளவையும் பேச விட்டுட்டு... என்ன? நான் எங்க பேச விட்டேனா? நான் என்ன உங்க வாயையா பொத்துனேன்? கையைத்தானே பிடிச்சேன்!

இடது கை நீளம். வலது கை கல்லு. என்னுதேதான்.

ஐயையோ, கீழ கேட்டு சத்தம். அவரு செருப்பு சத்தம் அது. வந்துட்டாங்க! இப்ப நான் என்னங்க பண்றது? இந்த மஞ்சளை ஒளிச்சுடலாம்... இல்ல, நீலத்தை... ஒரு ஸ்வெட்டரைத் திரும்பப் பின்ன எவ்வளவு நேரம் ஆகும்? நீங்க சொல்லுங்களேன், அவங்க வந்ததும் நீங்கதான் எடுத்து வச்சிருந்தீங்கன்னு ஒரு வார்த்தை... அட, ஏங்க! எங்க ஓடறீங்க? டீ போடறேன்னு சொன்னேனே! பையை விட்டுட்டுப் போறீங்க! ஏங்க, கையில நூலு! என் நூலு உங்க கையில இருக்குங்க! நில்லுங்க...

போயிட்டாங்க. கீழ அவங்க வீட்டுக் கதவையும் சாத்திக்கிட்டாங்க. நூலை மாடிப்படி பூரா இழுத்துக்கிட்டே போயிட்டாங்க.

வாண்டு, இங்க வா. சத்தம் போடாதே. மாடிப்படிக் கம்பிக்கு நடுவுல தலையை விடாதே, அம்மா பார்த்துச் சொல்றேன்... அப்பா வர்றாரு. அக்கா வர்றா. ஸ்கூல்ல இருந்து நேரா வர்றாங்க போலிருக்கு. அவ மேல என்ன அது... அத்தையோட சால்வை. சால்வையைச் சுத்தி விட்டிருக்காங்க. அண்ணன் பின்னாடி வர்றான். அவன் போட்டிருக்கறது... ஐயோ கடவுளே, அத்தையோட ரோஸ் ஸ்வெட்டரு. பூ வச்ச பட்டன். அதைப் போட்டுக்கிட்டுத் தெருவெல்லாம் நடந்து வந்திருக்கான் என் புள்ள. அவங்க வெறும் சேலையோட, கையைக் கட்டிக்கிட்டு நடுங்கிக்கிட்டு வர்றாங்க. ஒழுங்கா ஒரு சண்டை கூடப் போடத் தெரியாத மனுஷியை நான்...

நின்னுட்டாங்க. நூலைப் பார்த்துட்டாங்க. குனிஞ்சு எடுக்கறாங்க. ரெண்டு விரல்ல உருட்டிப் பார்க்கறாங்க. அவங்க நூலு அவங்களுக்குத் தெரியாதா? இப்ப பெரியவனைப் பார்க்கறாங்க. அவன் தலையைக் குனிஞ்சுக்கறான். என்ன பண்றாங்க... கையில சுத்தறாங்க. ஒவ்வொரு படியா, சிக்கு விழாம சுத்திக்கிட்டே மேல வர்றாங்க. அந்தப் பக்கம் அவங்க, இந்தப் பக்கம் என் கையில பந்து.

பேசுங்களேன் அண்ணி. ஏதாச்சும் திட்டுங்களேன். எப்பவும் பேசுவீங்களே!

பாத்து வாங்க, நூலு கால்ல மாட்டிக்கப் போகுது. இங்க பாருங்க, ஸ்வெட்டர் கிடைச்சுடுச்சு... இல்ல, கிடைக்கல, அது எங்கேயும் போகவே இல்ல. கீழ் பால்கனியிலதான் விழுந்து கிடந்திருக்கு. காத்துல.

நீங்க சொன்னீங்க அண்ணி, கிளிப்பு போடுன்னு. நான்தான் போடல.